ஓட்டக்காரரின் கட்டுச்சோறு

மார்கழிப் பனியோடு மும்பை மாநகருக்கு ஓட்டக் காலமும் வந்து சேர்கிறது. 2004ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கிய மாரத்தான் ஓட்டம் சனவரித் திங்களில் நடைபெறுகிறது. பிற நகரங்களிலும் இவ்வழக்கம் பரவியது. டெல்லியில் 2005இல் அரை மாரத்தானும், பெங்களூரில் 2008இல் 10 கிலோமீட்டர் ஓட்டமும், கொல்கத்தாவில் 2014இல் 25 கிலோமீட்டர் ஓட்டமும் தோன்றின. இந்நகரங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் ஓடுவோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. விடியுமுன் கதவு திறக்கும் ஓசை கேட்டால் பால்காரர் வந்தார் என்று எண்ணிய காலம் போய், குடும்பத் தலைவர் ஓடப் புறப்பட்டார் என்று எண்ணும் காலம் வந்துவிட்டது. இது நல்ல மாறுதலே.

ஆனால் இம்மாறுதல் வீடுகளில் ஒரு புதிய வழக்கையும் தோற்றுவித்திருக்கிறது. செம்பூரில் வாழும் நம் சகோதரி ஒருவர் எழுதியுள்ள கடிதம் அதற்குச் சான்று. அவருடைய கணவர்க்கு வயது ஐம்பத்திரண்டு. முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். வெறும் வயிற்றில் ஒரு குவளைக் காப்பி அருந்திவிட்டு, வழியில் எதுவும் உண்ணாமல் ஓடி முடிப்பதே உறுதி என்பது அவர் கொள்கை. கல்லூரியில் பயிலும் மகனோ தந்தைக்கென்று ‘ஜெல்’ பொட்டலங்களும், உப்பு மாத்திரைகளும், ஊக்கப் பொடி ஒரு டப்பாவும் வாங்கி அடுக்கிவிட்டான். “இருவருக்கும் நடுவில் நான் எலுமிச்சம்பழமும் உப்பும் சர்க்கரையுமாக நிற்கிறேன். எங்கள் மூவரில் யார் சொல்வதைக் கேட்பது?” என்று அச்சகோதரி வினவுகிறார்.

மூவர் பக்கத்திலும் சிறிது உண்மை உண்டு என்பதே நம் விடை. ஆனால் மூவரும் அளவை விட்டுவிட்டனர். நெடுந்தொலைவு ஓட்டத்தில் உணவைப் பற்றிய வினா எல்லாம் இறுதியில் அளவைப் பற்றிய வினாவாகவே முடிகிறது. எவ்வளவு, எப்போது என்பவற்றை அறிந்தவர் வீட்டுச் சர்க்கரையைக் கொண்டே ஓடி முடிப்பர். அவற்றை அறியாதவர் விலை உயர்ந்த பொட்டலத்தை வைத்துக்கொண்டும் சாலையோரத்தில் அமர நேரிடும். ஆகவே இம்மாதம் இப்பொருளை முறையாக ஆராய்வோம்.

உடலின் இரு களஞ்சியங்கள்

நம் உடல் தன் எரிபொருளை இரண்டு களஞ்சியங்களில் சேர்த்து வைக்கிறது. ஒன்று கொழுப்பு. மெலிந்த உடலினரிடத்தும் பல பத்தாயிரம் கலோரிக் கொழுப்பு உண்டு. அது எளிதில் தீராது. ஆனால் மெல்லவே எரியும். மற்றொன்று கிளைகோஜன். நாம் உண்ணும் சோறு, இட்டலி, சப்பாத்தி, பழம் ஆகியவற்றின் மாவுச்சத்தும் சர்க்கரையும் குளுக்கோஸாக மாறி, எஞ்சிய பகுதி தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகத் தங்குகிறது. தசைகளில் ஏறக்குறைய 400 கிராமும், கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும் இருக்கும். ஒரு கிராமுக்கு 4 கலோரி என்று கணக்கிட்டால் மொத்தம் 2,000 கலோரி ஆகிறது.

இனிச் செலவைப் பார்ப்போம். ஓடுபவர் தம் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு கிலோமீட்டர் ஓட, ஏறக்குறைய ஒரு கலோரி செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடிக்க 2,500 கலோரி தேவை. இதில் ஒரு பகுதியைக் கொழுப்பு ஏற்றுக்கொள்ளும். ஆயினும் வேகம் கூடக் கூட, உடல் கொழுப்பைக் குறைத்துக் கிளைகோஜனையே மிகுதியாகக் கேட்கும். அக்களஞ்சியம் வற்றும்போது கால்கள் ஈயமாய்க் கனக்கும். கல்லீரலிலிருந்து வரும் சர்க்கரையை நம்பியிருக்கும் மூளையும் தளரும். மன உறுதி மிக்கவர்க்கும் ‘ஏன் ஓட வேண்டும்’ என்ற எண்ணம் அப்போதுதான் எழும். ஓட்டக்காரர்கள் இதனைச் ‘சுவரில் மோதுதல்’ என்பர். 30 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகே பெரும்பாலோர்க்கு அச்சுவர் எதிர்ப்படுகிறது. மும்பையில் ஓடுபவர்க்குப் பெடர் ரோட்டு ஏற்றமும் ஓட்டத்தின் பிற்பகுதியிலேதான் வருகிறது என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

இங்கே கணவருடைய கொள்கைக்கு உரிய மதிப்பையும் தந்துவிடுவோம். அதிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் மெல்ல ஓடுவதால் தீங்கு ஏதும் இல்லை. நல்ல உடல்நலம் உள்ளவர்க்கு அது கொழுப்பை எரிக்கும் திறனையும் ஓரளவு வளர்க்கும். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்குக் களஞ்சியத்தில் உள்ளதே போதும். 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓடும் நம் இளைஞர்கள் பொட்டலம் எதையும் வாங்க வேண்டுவதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் போதும். ஆனால் நான்கு, ஐந்து மணி நேரம் ஓட இருப்பவர் அதே வழக்கத்தைக் கைக்கொள்வது, அடுத்த தெருவுக்குப் போகும் வழக்கத்தோடு காசி யாத்திரைக்குப் புறப்படுவது போன்றதாகும்.

முன்னோர் பட்ட பாடு

உண்ணாமலும் நீர் அருந்தாமலும் ஓடுவதே ஆண்மை என்ற எண்ணம் புதியதன்று. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் மாரத்தான் அவ்வெண்ணத்தின் விளைவை உலகுக்குக் காட்டியது. கடும் வெயில். புழுதி படிந்த சாலை. ஓட்டக்காரர் நீரின்றி எவ்வளவு தாங்குவர் என்று அறிய விரும்பிய அமைப்பாளர், வழியில் தண்ணீர் கிடைக்கும் இடத்தை மிகச் சுருக்கிவிட்டார். 32 பேர் புறப்பட்டனர். 14 பேரே ஓடி முடித்தனர். வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது மறுக்கப்பட்டது. மாறாக, எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சை முட்டை வெண்கருவில் கலந்து ஊட்டினர். பின்னர்ப் பிராந்தியும் தந்தனர். அவர் மயங்கிய நிலையில் பிறர் தாங்க எல்லைக்கோட்டை அடைந்தார். கூபாவிலிருந்து வந்த பெலிக்ஸ் கார்வஹால் பசி தாங்காமல் வழியில் இருந்த தோட்டத்து ஆப்பிளைத் தின்று, வயிற்று வலியால் துன்புற்று, நான்காவதாக வந்தார். அவர்க்கு வேண்டியிருந்தது உணவு. கிடைத்ததோ பழகாத உணவு. இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அறிவியல் அத்துறையில் புகுந்தது. 1924இல் பாஸ்டன் மாரத்தான் முடிந்தவுடன் மருத்துவர்கள் சிலர் ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். மிகவும் சோர்ந்து, குழம்பிய நிலையில் வந்தவர்களின் இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு அவர்களுள் சிலர்க்கு ஓட்டத்துக்கு முன்பு மாவுச்சத்து மிகுந்த உணவைத் தந்து, வழியில் இனிப்புத் துண்டுகளையும் தின்னச் செய்தனர். சர்க்கரை குறையவில்லை. ஓட்டமும் சிறந்தது. ‘ஜெல்’ என்று இன்று விற்கப்படுவதன் மூலக் கருத்து, 1925இல் ஒரு மிட்டாய்த் துண்டாக இருந்தது என்று நாம் கூறலாம்.

1966இல் சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்னும் இருவர் தம் உடலையே சோதனைக் களமாக்கினர். ஒரு காலுக்கு மட்டும் கடும் பயிற்சி தந்தனர். மற்றொரு காலுக்கு ஓய்வு தந்தனர். பின்னர் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்குகளை ஊசியால் எடுத்து ஆராய்ந்தனர். உழைத்த காலில் கிளைகோஜன் பழைய அளவினும் பெருகி நின்றது. ஓய்ந்த காலில் பெரிய மாறுதல் இல்லை. உழைத்துக் காலியான களஞ்சியமே மிகுதியாக நிறையும் என்று இதனால் அறிந்தோம். போட்டிக்கு முன் சோற்றைக் கூட்டி உண்ணும் வழக்கம் இவ்வாராய்ச்சியிலிருந்தே வளர்ந்தது.

பொட்டலத்துக்குள் இருப்பது என்ன?

மகன் வாங்கிவந்த ஜெல் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம். பெரும்பாலும் அதில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும், மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொருள். அதனுடன் பழச் சர்க்கரையாகிய பிரக்டோஸ், சிறிது உப்பு, தண்ணீர், மணமூட்டி ஆகியன சேரும். ஒரு பொட்டலத்தில் 20 முதல் 30 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஏமாற்றும் இல்லை. ஓடிக்கொண்டே கிழித்து விழுங்கலாம் என்பதும், அளவு மேலுறையில் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதுமே அதன் சிறப்பு. நம் முன்னோர் வழிநடைக்குக் கட்டுச்சோறு எடுத்துச் சென்றனர். இது ஓட்டக்காரரின் கட்டுச்சோறு. அவ்வளவே.

இனி, எவ்வளவு வேண்டும்? இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை என்பது ஆராய்ச்சியாளர் ஏற்றுக்கொண்ட அளவு. இதற்கு மேல் உண்டால் ஏன் பயன் குறைகிறது என்பதற்கும் காரணம் உண்டு. குடலின் சுவரில் குளுக்கோஸ் நுழைவதற்கென்று ஒரு வாயில் இருக்கிறது. அதன் வழியே மணிக்கு ஏறக்குறைய 60 கிராம்தான் புக முடியும். பிரக்டோஸுக்கு வேறொரு வாயில் உண்டு. இரண்டையும் கலந்து உண்டால் இரு வாயில்களும் திறக்க, மணிக்கு 90 கிராம் வரை ஏற்க இயலும். இது நீண்ட பயிற்சியால் வயிற்றைப் பழக்கிய விரைவோட்டக்காரர்க்கு உரிய அளவு. நம்மைப் போன்றோர் அந்த அளவுக்குத் தாவினால் வயிற்றுப்போக்கே பரிசாகக் கிடைக்கும்.

இங்கே ஓர் உண்மை நம் சகோதரிக்கு மகிழ்ச்சி தரும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் சர்க்கரையும், வெல்லமும், கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ் ஆகும். சுக்ரோஸ் என்பது பாதி குளுக்கோஸும் பாதி பிரக்டோஸும் சேர்ந்த கூட்டு. இரு வாயில்களையும் திறக்கும் கலவை நம் அஞ்சறைப் பெட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. 25 கிராம் சர்க்கரைக்கு ஆகும் செலவு ஒன்றிரண்டு ரூபாய். அதே அளவு மாவுச்சத்துள்ள பொட்டலமோ பெரும்பாலும் நூறு ரூபாயை ஒட்டியோ மிஞ்சியோ விலையாகிறது. வசதிக்கு விலை கொடுப்பது தவறன்று. ஆனால் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுப்போம்.

வீட்டில் செய்து கொள்ளக்கூடிய பானம் ஒன்றை இங்குத் தருகிறோம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, அதாவது மட்டமாக வழித்த மேசைக்கரண்டியால் ஐந்து கரண்டி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு ஆகியவற்றைக் கலக்குக. நூற்றுக்கு ஆறு பங்கு சர்க்கரை கொண்ட இக்கரைசல் வயிற்றைத் தேங்கவிடாமல் விரைவில் குடலை அடையும். இதனினும் இனிப்பாகச் செய்தால் ஆற்றல் கூடும் என்று எண்ணிப் பத்துக் கரண்டி போடுதல் கூடாது. மிகச் செறிந்த கரைசல் வயிற்றில் தங்கிக் குமட்டும்.

தின்பண்டம் விரும்புவோர்க்கு வாழைப்பழம் நல்லது. நடுத்தரப் பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து உண்டு. பேரீச்சம்பழமும் ஏற்றதே. கோவில்பட்டிக் கடலை மிட்டாயை நம்மில் பலர் பையில் போட்டுச் செல்கின்றனர். அது சுவையும் சத்தும் மிக்கது என்பதில் ஐயம் இல்லை. ஆயினும் நிலக்கடலையில் உள்ள கொழுப்பும் புரதமும் செரிப்பைத் தாமதிக்கும். ஆகவே ஓட்டத்தின் நடுவில் அது வேண்டா. ஓடி முடித்த பிறகு உண்டால் கேடில்லை. மும்பை மாரத்தானில் வழிநெடுக நிற்கும் மக்கள் வாழைப்பழமும் ஆரஞ்சுச் சுளையும் நீட்டுகின்றனர். அந்த அன்பைப் புன்னகையோடு ஏற்போம். வயிறு பழகிய பொருளை மட்டும் உண்போம்.

உண்ண வேண்டிய நேரமும் முக்கியம். களைத்த பின் உண்பது, பயிர் வாடிய பின் நீர் பாய்ச்சுவது போன்றது. முதல் அரை மணி நேரம் கழிந்தவுடன் தொடங்கி, ஒவ்வோர் அரை மணிக்கும் 20, 25 கிராம் உட்கொண்டு வருதல் நன்று. ஜெல் உண்பவர் அதனுடன் சில மிடறு தண்ணீரும் அருந்த வேண்டும்.

உப்பும் நீரும்

சர்க்கரையும் உப்பும் சேர்ந்தால் குடல் நீரை விரைந்து உறிஞ்சும் என்பது இன்றைய விளையாட்டுப் பானங்களின் அடிப்படை. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து ஒரே வாயிலில் நுழைகின்றன என்பதை 1960இல் இராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் விளக்கினார். இவ்வுண்மையால் உயிர்கள் பல காப்பாற்றப்பட்டது நம் நாட்டிலேதான். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிசு உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் கலந்த நீரைப் புகட்டினார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, அவர் பொறுப்பில் இருந்தோரிடையே இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. 2022இல் அவர் மறைந்தார். 2023இல் நம் அரசு அவர்க்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

இந்த உயிர்நீரும் ஓட்டக்காரரின் பானமும் உறவுடையவை. ஆனால் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸே உண்டு. உப்பு மிகுதி. இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்வது அதன் தொழில். அதை எரிபொருளாக நம்பி ஓடினால் களஞ்சியம் நிறையாது. மற்றொரு பக்கம், இனிப்புப் பானங்கள் சில அப்பெயரைத் தாங்கி மருந்துக் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. நிறுவனத்தின் முறைப்படி அமையாத பானம் எதுவும் அப்பெயரைத் தாங்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு விளையாட்டுப் பானத்தையும், ஓட்டக்காரர்க்கு வயிற்றுப்போக்கு மருந்தையும் மாற்றிக் கொடாதிருக்க இவ்வேறுபாட்டை இல்லத்தரசியர் நினைவில் வைத்தல் வேண்டும். இளநீர் நல்ல பானமே. எனினும் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் மிகுதியாக இழப்பது சோடியம்.

நீரைப் பற்றி இரண்டு தவறுகள் உலவுகின்றன. அருந்தவே கூடாது என்பது பழைய தவறு. எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருந்துக என்பது புதிய தவறு. இரண்டாவதும் உயிரைப் பறிக்க வல்லது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய இளம் பெண் ஒருவர், மிகுதியாக நீர்மங்களை அருந்தியதால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, மூளை வீங்கி இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 13 பேர்க்குச் சோடியம் இயல்பினும் குறைந்திருந்தது. அவர்களுள் பலர் ஓட்டத்தின் முடிவில் தொடக்கத்தைவிட எடை கூடியிருந்தனர். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கே இத்துன்பம் மிகுதியாக நேர்ந்தது. விரைவாக ஓடுபவர்க்கு நின்று அருந்த நேரம் இல்லை. மெல்ல ஓடுபவரே ஒவ்வொரு பந்தலிலும் நின்று குவளை குவளையாகக் குடிக்கின்றனர். நம் உறுப்பினரில் பலர் இவ்வகையினர் ஆதலின் இதனை அழுத்திக் கூறுகிறோம்.

தாகம் எடுக்கும்போது அருந்துவதே பெரும்பாலோர்க்குப் பாதுகாப்பான விதி. ஐயம் உள்ளவர் பயிற்சி நாளில் ஓடுமுன்னும் ஓடியபின்னும் எடை பார்க்கட்டும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிற்று என்று பொருள். சிறிது குறைவது இயல்பு. நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குக்கு மேல் குறைந்தால் அடுத்த முறை கூட்டி அருந்துக. எடை ஏறியிருந்தால் அருந்தியது மிகை. தலைவலி, குமட்டல், பேச்சில் குழப்பம் ஆகியன தோன்றினால் மேலும் தண்ணீர் புகட்டாமல் மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துச் செல்க. மகன் வாங்கிய உப்பு மாத்திரை மிகைநீரின் தீங்கைத் தடுத்துவிடும் என்று நம்புதலும் கூடாது.

முன்னிரு நாளும் விடியற்காலையும்

ஓட்டத்துக்கு முந்திய இரண்டு நாளும் களஞ்சியத்தை நிரப்பும் நாட்கள். இதற்கென்று தனி உணவு வேண்டா. தட்டில் சோற்றின் பங்கைக் கூட்டி, எண்ணெய்ப் பண்டங்களையும், பருப்பையும், நார் மிகுந்த காய்களையும் சிறிது குறைத்தால் போதும். முந்திய இரவு விருந்துக்குச் செல்வதைத் தவிர்க்க. வயிறு புடைக்க உண்பதும் நிறைப்பதும் ஒன்றல்ல.

மும்பையில் முழு மாரத்தான் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. இரவு முழுவதும் உறங்கும்போது கல்லீரலின் சேமிப்பு கரைந்திருக்கும். அதனை நிரப்ப, புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக எழுந்து சிறிது உண்ண வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர்க்கு 60 முதல் 100 கிராம் வரை மாவுச்சத்து போதுமானது. நடுத்தர இட்டலி ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் உண்டு என்று கொண்டால், ஐந்து இட்டலியும் ஒரு வாழைப்பழமும் கணக்கை முடித்துவிடும். தொட்டுக்கொள்ளச் சர்க்கரை நல்லது. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் அன்று ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும்.

கணவருடைய காப்பிக்கும் நாம் தடை சொல்லவில்லை. அதிலுள்ள காபின் நெடிய உழைப்பில் சோர்வைக் குறைக்கும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 2004 முதல் அது விளையாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலும் இல்லை. ஆனால் சில ஜெல்களிலும் காபின் சேர்க்கப்படுகிறது. காப்பியும் அப்பொட்டலங்களும் சேர்ந்து அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும். எனவே மேலுறையைப் படித்துக் கூட்டிக் கணக்கிடுக.

விலக்க வேண்டியவை

வலி நீக்கும் மாத்திரையை முன்னதாகவே விழுங்கிவிட்டு ஓடும் பழக்கம் பெருகியிருக்கிறது. இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை, நீர் குறைந்து உழைக்கும் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும். ஓட்ட நாளில் அவற்றைத் தொடாதிருத்தலே அறிவுடைமை.

மகன் வாங்கிய ஊக்கப் பொடியைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே கூற வேண்டியிருக்கிறது. 2004இல் வெளியான ஜெர்மானிய ஆராய்ச்சி ஒன்றில், 13 நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுகளைச் சோதித்தபோது 94இல் மேலுறையில் குறிப்பிடாத ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஏழில் ஒன்று என்று கொள்ளலாம். ஊக்கமருந்துச் சட்டத்தில் ‘தெரியாமல் உண்டேன்’ என்பது குற்றத்தை நீக்காது. உடலில் இருப்பது எதுவாயினும் அதற்கு வீரரே பொறுப்பு. நம் இளைஞர்களுள் சிலர் விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வேயிலோ காவல் துறையிலோ வேலை பெறும் நோக்கத்தோடு ஓடுகின்றனர். பெயர் தெரியாத டப்பா ஒன்று ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பை ஒரே நாளில் அழித்துவிடக் கூடும். போட்டி வீரர்கள் துணையுணவு வேண்டுமாயின், தொகுதி தொகுதியாகச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டதை மட்டும், மருத்துவர் அறிவுரையோடு கொள்க. பிறர்க்கு அது தேவையே இல்லை.

நீரிழிவு உடையவர்க்குத் தனிச் சொல் ஒன்று. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ கொள்பவர் ஓடும்போது இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில நீரையும் உப்பையும் வெளியேற்றும். இவர்கள் நாம் கூறிய அளவுகளை அப்படியே பின்பற்றாமல், முதலில் தம் மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொள்க. ஐம்பது வயதைத் தாண்டியவர் பெயர் கொடுக்குமுன் இதயச் சோதனையும் செய்துகொள்ளல் வேண்டும்.

ஓடி முடித்தவுடன் ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த உணவை உண்டால் களஞ்சியம் விரைவில் நிறையும். தசைகளும் பழுது நீங்கும். இதற்கு நம் தயிர்ச் சோற்றினும் ஏற்ற மருந்தை நாம் அறியோம். உப்பிட்ட நீர்மோர் ஒரு குவளை சேர்ந்தால் குறை ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. புதியது எதையும் போட்டி நாளில் உண்ணலாகாது. காலுக்குப் பயிற்சி தருவது போலவே குடலுக்கும் பயிற்சி தர வேண்டும். எட்டு, பத்து வாரங்களுக்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமை நெடிய ஓட்டங்களில், போட்டி நாளில் எந்த நேரத்தில் எதை எவ்வளவு உண்பீரோ அதையே உண்டு பழகுக. ஒரு சிறு குறிப்பேட்டில் உண்டது, அருந்தியது, எடை, வயிற்றின் நிலை ஆகியவற்றை எழுதி வருக. நான்கு ஞாயிறுகளின் குறிப்பு, கடைக்காரர் சொல்லும் நாற்பது புகழுரைகளினும் மேலானது.

ஆகவே செம்பூர்ச் சகோதரிக்கு நாம் கூறுவது இது. கணவர் காப்பியை அருந்தட்டும், ஆனால் இட்டலியோடு அருந்தட்டும். மகன் வாங்கிய ஜெல்களைப் பயிற்சியில் பழகிப் பார்க்கட்டும். பொடி டப்பாவைக் கடைக்கே திருப்பி அனுப்புக. அளவுக் கரண்டி மட்டும் சகோதரியின் கையிலேயே இருக்கட்டும். நெடுவழி செல்வோர்க்குக் கட்டுச்சோறு கட்டும்போது வழியின் தொலைவையும் உண்பவரின் வயிற்றையும் அறிந்தே கட்டுவது நம் வீடுகளின் மரபு. அம்மரபு மாரத்தானுக்கும் போதும்.

ஓடும் உறுப்பினர்கள் தம் குறிப்பேட்டின் பயனை நமக்கு எழுதினால், பிறரும் அறியும் வண்ணம் இப்பகுதியில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.